கோப்பிக் காலத்துக் கற்கள்

இறந்தோர் பெயரைக் கல்லிலே பொறித்து நிறுத்துதல் தமிழர்க்குப் புதிய வழக்கம் அன்று. போரிலே பட்ட வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்துரைக்கின்றது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதற்படி. நட்ட கல்லை வாழ்த்துவது இறுதிப்படி. வழியோரத்தில் நிற்கும் அக்கல்லிற் பெயரும் பீடும் எழுதப்பட்டிருக்கும்; போவோர் வருவோர் நின்று வாசித்துச் செல்வர். ஆயினும், கல் நடுவதற்குச் சில வசதிகள் வேண்டும். தேடிக் கொணர ஆள் வேண்டும். செதுக்கத் தெரிந்த தச்சன் வேண்டும். நட்ட நிலம் நட்டவர் கையை விட்டுப் போகாதிருத்தலும் வேண்டும். இவை வாய்க்காதவர் இறந்தால் அவர்க்குக் கல் இல்லை. இலங்கையிற் கோப்பிக் காலம் விட்டுச் சென்ற சேமக்காலைகளையும், பாழ்மனைகளையும், பழந்தோட்டங்களையும் பார்க்கப் புறப்படுவோர் இதனை முதலில் மனத்திற் கொள்ளல் நன்று. அங்கே காணப்படும் கற்களைப் போலவே, காணப்படாத கற்களும் செய்தி சொல்வன.

பெரஹெராக் காண்பதற்காகக் கண்டிக்கு வருவோர் பல்லாயிரவர். தலதா மாளிகைக்கு அப்பால், நூதனசாலையைக் கடந்து மேலேறும் சிறு பாதையின் முடிவிலே பழைய ஆங்கிலேயச் சேமக்காலை ஒன்று இருப்பதை அறிந்தோர் மிகச் சிலர். அறிந்தவரும் அங்கே நேராகச் சென்று திரும்பினால் பாதிக் கதையையே கேட்டவராவர். மலைக்காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பு எந்த வழியாக வந்ததோ அந்த வழியைப் பின்பற்றி, வடமேற்குக் கடற்கரையிலிருந்து மலையை நோக்கிச் செல்வதே முறை.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தின் கரையிலே, சிலாவத்துறைக்கு அண்மையில் அரிப்பு என்னும் கிராமம் உள்ளது. அங்கே இரண்டு பாழ்மனைகள் உண்டு. ஒன்று, போர்த்துக்கேயர் அமைத்து ஒல்லாந்தர் ஆண்ட சிறு கோட்டை. கண்டியரசனின் நாட்டில் ஏறக்குறையப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679 ஆம் ஆண்டிலே காட்டு வழியாகத் தப்பிவந்து, முதன்முதலில் ஐரோப்பியர் முகங்கண்டது இக்கோட்டையில்தான். மற்றையது, கடலோரத்து மேட்டின் விளிம்பிலே நின்றுகொண்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சரிந்துவரும் மாளிகை. ஆங்கில ஆட்சியின் முதலாவது தேசாதிபதியான பிரெடரிக் நோர்த், 1801 முதல் 1804 வரையிலான காலத்தில் இதனைக் கட்டுவித்தார். மன்னார்க் கடலின் முத்துச் சலாபத்தால் அரசிறைக்குப் பெரும் வருவாய் வந்த காலம் அது. சலாபம் நடக்கும் மாதங்களிலே தேசாதிபதியும் அதிகாரிகளும் தங்கி மேற்பார்வை செய்வதற்கென எழுந்தது அம்மாளிகை. கிரேக்கரின் டொரிக் பாணியிலே பருத்த தூண்கள் நிறுத்தப்பட்டமையால் அதற்கு ‘டொரிக்’ என்றே பெயராயிற்று. சுவர்கள் செங்கல்லாலானவை, மேற்பூச்சு, சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. அதனை மெருகிட்டபோது பளிங்கு போலத் துலங்கியதாம்.

அவ்வூர் மக்கள் டொரிக் என்று சொல்வதில்லை; அல்லிராணி கோட்டை என்பர். முத்துக் கரையைப் பெண்ணரசு ஆண்டதாகக் கூறும் அல்லியின் கதை, அக்கடற்கரையில் நோர்த் வருவதற்கு மிக முன்னரே வழங்கியது. வெள்ளைக்காரத் தேசாதிபதியின் மாளிகை இடிந்ததும், ஊர் தன் பழைய அரசியை அங்கே குடியேற்றிவிட்டது. வரலாற்றாசிரியர் இதனைப் பிழை என்று ஒதுக்குவர். ஆனால் பாழ்மனை யாருக்கு உரியது என்பதில் ஊராருக்கும் ஒரு தீர்ப்பு உண்டு என்பதை இப்பெயர் காட்டுகின்றது.

சலாபம் நடக்காத காலத்திலும் இக்கரை வெறுமையாக இருக்கவில்லை. 1824 ஆம் ஆண்டளவில், கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியாவிலே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ், தாமும் கன்னொறுவையில் ஒரு தோட்டம் வைத்தார். ஆட்சியாளரே தோட்டக்காரராகவும் இருந்தமையால் காட்டு நிலம் மலிவாகக் கிடைத்தது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. கண்டி நாட்டுக் குடியானவர் தம் வயலை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே தென்னிந்தியாவிலே, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில், வறட்சியும் கடனும் வருத்திய கிராமங்களிலிருந்து மக்கள் வரவழைக்கப்பட்டனர். கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். சேர்ந்தவர் அப்பணத்தின் கடனாளியாகவே படகில் ஏறுவர். பாக்கு நீரிணையைக் கடந்த படகுகள் மன்னார்த் தீவின் கரையிலும் அரிப்பு முதலிய துறைகளிலும் அவர்களை இறக்கின.

அங்கிருந்து மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளை வரைக்கும் ஏறக்குறைய 150 மைல். புகையிரதம் இல்லை, வண்டி வசதியும் அவர்களுக்கு இல்லை. காடடர்ந்த வறண்ட நிலத்திலே, குளம் கண்ட இடத்தில் நீர் குடித்து, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக நடந்தனர். தேங்கிய நீரிலிருந்து வாந்திபேதி வந்தது. நுளம்பிலிருந்து குளிர்காய்ச்சல் வந்தது. நடக்க இயலாதவர் வழியிலே விடப்பட்டனர். 1840 களிலே இவ்வாறு வந்தவருள் 70,000 பேர், அதாவது நாலில் ஒரு பங்கினர், மாண்டனர் என்று 1849 இல் கொழும்பிலே வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. பிற்காலத்து ஆய்வாளர் இவ்வெண்ணைப் பற்றி ஒருமித்த கருத்துடையவரல்லர்; மிகைபடக் கூறியதென்போரும் உளர். இறப்பு மிக அதிகமாக இருந்தது என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. இந்த வேறுபாடு எழுவதற்குக் காரணமே, இறந்தவரை எவரும் ஒழுங்காக எண்ணி வைக்காமைதான். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் பெயரைத் துரை எழுதிக்கொண்டார். வந்து சேராதவர் பெயரை எழுதுவார் இல்லை.

கடலும் தன் பங்கைக் கொண்டது. 1864 ஆம் ஆண்டில் ‘ஆதிலட்சுமி’ என்னும் கப்பல் மூழ்கியபோது, அதில் வந்த தொழிலாளர் ஏறக்குறைய 120 பேர் மாண்டனர். பின்னர் அரசாங்கம் அவ்வழியிலே கிணறுகளும் தங்குமடங்களும் அமைத்தது. ஆயினும் 1899 இல், கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தால் அவ்வழியே மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்பில் இறங்கும் வழி ஏற்பட்டது. 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும், தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவையும் வந்தன. அந்தத் தனுஷ்கோடியும் 1964 டிசெம்பரிலே சூறாவளியால் அழிந்து, இடிந்த தேவாலயமும் புகையிரத நிலையத்தின் சுவர்களுமாக மணலில் நிற்கின்றது.

இந்த நெடுவழியிலே இறந்தவர்க்கென நடப்பட்ட கல் ஒன்றையேனும் தேடிச் செல்வோர் வெறுங்கையுடன் திரும்புவர். வழியின் முடிவிலே மட்டும் ஒன்று உண்டு. அது கல்லறையன்று, கோயில். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் எடுத்தனர். அதற்கு முன்னரே, நடந்து வந்தோர் அவ்விடத்தில் மரத்தடியிலே அம்மனை வைத்து வழிபட்டனர் என்பது வழிவழிச் செய்தி. மாரியம்மன் நோய்க்குத் தெய்வம். கொள்ளைநோயின் நடுவே நடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர் முதலில் வணங்கியது மாரியை என்றால் அதில் வியப்பில்லை. மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் அவ்வூர் வீதியிலே ஓடும்போது, இந்த நடையை நினைப்பவர் எத்தனை பேரோ!

மாத்தளையிலிருந்து கண்டி அதிக தூரமன்று. முற்கூறிய ஆங்கிலேயச் சேமக்காலை 1817 இலே தொடங்கியது. நகர எல்லைக்குள் புதைத்தல் தடைசெய்யப்பட்டமையால் 1873 இல் மூடப்பட்டது. அங்கே முன்னரே அடக்கஞ் செய்யப்பட்டோரின் உறவினர்க்கு மட்டும் பின்னரும் இடங்கொடுக்கப்பட்டது. மொத்தம் ஏறக்குறைய 195 பேர் அங்கே துயில்கின்றனர். நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்து, 1998 ஆம் ஆண்டளவிலே திருத்தியமைக்கப்பட்டது. இன்று புல் ஒழுங்காக வெட்டப்பட்டு, எழுத்துகள் தெளிவாக வாசிக்கக்கூடியனவாக உள்ளன.

அக்கற்களைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. பெயரை முதலிற் பார்க்கவேண்டியதில்லை, வயதைப் பார்க்கவேண்டும். இருபதும் முப்பதுமாகிய வயதுகள் திரும்பத் திரும்ப வரும். அடுத்தடுத்து நிற்கும் சிறு கற்கள் குழந்தைகளுக்குரியவை. மாதக்கணக்கிலே, சில வேளை நாட்கணக்கிலே வயது குறிக்கப்பட்டிருக்கும். அடுத்து, இறப்பின் காரணத்தைப் பார்க்கவேண்டும். வோட்டலூப் போரிலே தப்பிய போர்வீரர் ஒருவர், திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்து நடந்து வந்தமையால் காய்ச்சல் கண்டு 1817 இல் இறந்திருக்கின்றார். தோட்டக்காரர் ஒருவர் தம் வீடே இடிந்து வீழ்ந்ததால் மாண்டார். வேறொருவரை 1856 இலே காட்டு யானை கொன்றது. இவற்றை வாசிப்போர், ஆண்ட இனத்தவருக்கும் அம்மலை எளிதில் வசப்படவில்லை என்பதை உணர்வர். இந்த இரக்கத்தை மறைக்கவேண்டியதில்லை. கடல் கடந்து வந்து இருபத்திரண்டு வயதில் இறந்த பிள்ளைக்கு எந்தத் தாயும் அழுதிருப்பாள்.

அங்கே மிகவும் உயர்ந்த சின்னங்களுள் ஒன்று சேர் ஜோன் டொயிலியுடையது. கிரேக்கப் பாணியிலே, முறிந்த தூண் வடிவில் அமைந்தது. சிங்கள மொழியை நன்கு கற்று, கண்டிப் பிரதானிகளோடு கடிதத் தொடர்பு கொண்டு, 1815 ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கைக்கு வழிசெய்தவர் இவரே. 1824 இல் காய்ச்சலாற் கண்டியிலேயே இறந்தார். அரிப்பிலே தேசாதிபதியின் தூண்கள் தாமே சரிகின்றன. கண்டியிலே டொயிலியின் தூண் முறிந்ததாகவே செதுக்கப்பட்டது. கற்சிற்பிக்கும் சில வேளைகளில் எதிர்காலம் தெரிகின்றது போலும்!

இத்தகைய கற்கள் அழிந்துவிடுமென்று அஞ்சி எழுதி வைத்தவர்களும் உளர். ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைகளை லியோபோல்ட் லுடோவிசி 1877 இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும், சிவில் சேவை அதிகாரியான ஜே. பென்றி லூயிஸ் தொகுத்து 1913 இலே பெரும் பட்டியலாக வெளியிட்டார். ஒவ்வொரு பெயரின் கீழும் அவர் யார், எங்கே தோட்டம் வைத்திருந்தார், எவ்வாறு இறந்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. கல் உடைந்தாலும் பெயர் உடையாது என்னும் நிலையை அது உண்டாக்கியது. தோட்டத் தொழிலாளர்க்கு அப்படியொரு பட்டியலை எவரும் தொகுக்க முடியாது. தொகுப்பதற்குக் கல் வேண்டுமன்றோ.

கண்டியைக் கடந்து மலையேறினாற் கோப்பித் தோட்டங்கள் இருந்த நிலம் தொடங்குகின்றது. 1878 அளவிலே கோப்பி பயிரிட்ட நிலம் ஏறக்குறைய 2,75,000 ஏக்கர் என்பர். இன்று அந்த நிலம் முழுவதும் தேயிலைப் போர்வை போர்த்திருக்கின்றது. கோப்பிக் காலத்துச் சுவடுகளைக் கண்டுபிடிக்கச் சிறிது பயிற்சி வேண்டும். கோப்பிப் பழத்தைத் தோலுரித்து, தொட்டியிலே ஊறவைத்துக் கழுவி, பிறகு வெயிலில் உலர்த்துவர். ஆகவே நீர் ஓடையை அடுத்துக் கற்றொட்டிகளும், அவற்றுக்கு அருகே கல் அல்லது சுண்ணாம்பு பாவிய அகன்ற களமும் காணப்பட்டால், அங்கே கோப்பி ஸ்டோர் ஒன்று இருந்ததென்று கொள்ளலாம். உலர்ந்த கொட்டை மாட்டு வண்டியிலே கொழும்புக்குச் சென்றது. எஞ்சிய வேலைகள் அங்கே நடந்தன. தேயிலைக்கு இம்முறை பொருந்தாது. பறித்த கொழுந்தை வாட்டுவதற்குக் காற்றோட்டமான மேல்மாடிகளும், அரைக்கவும் உலர்த்தவும் இயந்திரங்களும் வேண்டும். அதனாற்றான் தேயிலைத் தொழிற்சாலைகள் பல மாடிகளுடன் மலைச்சரிவிலே கப்பல் போல நிற்கின்றன. சில இடங்களிலே பழைய கோப்பி ஸ்டோரையே இடித்தும் கூட்டியும் தேயிலைத் தொழிற்சாலை ஆக்கினர்.

கோப்பியை வீழ்த்தியது மனிதர் கண்ணுக்கெட்டாத ஒரு பூஞ்சணம். 1869 ஆம் ஆண்டு மடுல்சீமையிலே இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். அதே ஆண்டிலே ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் தமிழ்ச் செய்யுள் நூல், கோப்பித் தோட்டத் தொழிலைப் பாடி வெளிவந்தது என்பது விந்தையான பொருத்தம். ஹெமிலியா வஸ்ராட்றிக்ஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட அந்நோய், இலையை உதிர்த்து மரத்தின் வலிமையைக் குறைத்தது, உடனே கொல்லவில்லை. அதனாற் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. விலை உயர்ந்திருந்தமையால் மேலும் காட்டை அழித்துக் கோப்பி நட்டனர். நோய்க்கும் உணவு பெருகியது. 1880 இலே மார்ஷல் வோட் என்னும் இளம் விஞ்ஞானி ஆராய்ச்சிக்கு அனுப்பப்பட்டார். நோயின் இயல்பை அவர் தெளிவாக விளக்கினார். தடுக்கும் மருந்தைத் தர அவராலும் இயலவில்லை. 1884 இலே தோட்டக்காரர்க்குக் கடன் கொடுத்து வந்த ஒரியண்டல் வங்கி முறிந்தது. பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகளைத் தோல் சீவி இங்கிலாந்துக்கு அனுப்பினர். அங்கே அவை தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின. கோப்பி தேயிலைக்குக் கால் கொடுத்தது என்று சொன்னால் அது வெறும் சிலேடையன்று.

கலகாவை அடுத்த லூல்கந்துறைத் தோட்டத்திலே அந்த மாற்றத்தின் தொடக்கத்தைக் காணலாம். ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1852 இலே பதினேழு வயது நிரம்பாத இளைஞராக வந்து, 1867 இலே அங்கே 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். அவர் வாழ்ந்த மரக்குடிசை இன்று இல்லை. அதன் புகைபோக்கியும் கிணறும் எஞ்சியுள்ளன. மரத்தாலான வீடு மறைந்து, கல்லாலான அடுப்பின் பகுதி மட்டும் தேயிலையின் நடுவே தனித்து நிற்பது காண்போர் மனத்தை விட்டு எளிதில் அகலாது. 1892 இலே அவர் வயிற்றளைச்சலால் இறந்தபோது, பருத்த அவ்வுடலைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாறி மாறிச் சுமந்து, மலைப்பாதை வழியாகக் கண்டிக்குக் கொண்டு சென்றனர். மகியாவைச் சேமக்காலையிலே அவர் கல்லறை உள்ளது. தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று அதிலே பொறித்திருக்கின்றனர். சுமந்த இருபத்து நால்வர் பெயரும் எக்கல்லிலும் இல்லை. அவர்கள் சுமந்தார்கள் என்பது மட்டும் நூல்களிலே இருக்கின்றது.

மலைநாட்டின் உச்சிகளிலே தோட்டக்காரர் கட்டிய சிறு தேவாலயங்கள் பல. டிக்கோயாவின் வோர்லி தேவாலயம் 1878 இலே எழுந்தது. பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலய வளவிலே, புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரனும், அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கமரனும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். மனைவி 1879 இலும், கணவர் அடுத்த ஆண்டிலும் இறந்தனர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை 1830 களிலே ஒழிக்கச் செய்த விசாரணையாளருள் ஒருவர் இந்தக் கமரன். அவரே கோப்பித் தோட்டச் சொந்தக்காரருமாவார்; இலைநோய் அவர் செல்வத்தையும் அரித்தது. நுவரெலியாவிலே மேஜர் றொஜர்ஸ் என்பவரின் கல்லறை உண்டு. 1,400 யானைகளுக்கு மேற் சுட்டுக் கொன்றதாகக் கூறப்படும் அவர், 1845 இலே அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்டார். அவர் கல்லறையையும் பின்னர் இடி தாக்கிப் பிளந்தது என்பர். யானையின் சாபம் என்று ஊரார் பேசிக்கொள்வதை மறுத்துரைக்க இங்கே அவசியமில்லை.

இத்தேவாலயங்களைச் சுற்றியிருக்கும் சரிவுகளிலே லயங்கள் உள்ளன. கோப்பிக் காலத்திலே பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் நிலைகொண்டன. பிறப்பும் இறப்பும் தோட்டத்திலேயே நிகழ்ந்தன. ஒவ்வொரு தோட்டத்திலும் பயிருக்கு உதவாத ஒரு மூலை மயானமாக ஒதுக்கப்பட்டது. மேடு எழுப்பி, பூச்செடி நட்டு, சில நாள் விளக்கேற்றுவர். இரண்டு மாரிக்குப் பின் மேடு கரைந்துவிடும். நிலம் தோட்டத்துக்குரியது, அதன்மேற் கல் நாட்ட எவருக்கும் உரிமையில்லை. மயானத்தின் எல்லையை நோக்கித் தேயிலை வரிசைகள் நகர்ந்த இடங்களும் உண்டு.

கல் இல்லாமை மனவருத்தத்துக்கு மட்டும் காரணமாயிருந்திருந்தால், இதனை இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும் என்று விதித்தது. பிறப்பைப் பதிவுசெய்தல் கட்டாயமாக்கப்பட்டதே 1897 இல்தான். அதற்கு முன் லயத்திலே பிறந்து, அதே தோட்டத்து மூலையில் புதைக்கப்பட்ட பாட்டனை எதைக்கொண்டு நிறுவுவது? சான்றிதழ் இல்லை, கல்லும் இல்லை. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காகப் பிரசாவுரிமை கோரி விண்ணப்பித்தனர். ஏறக்குறைய 1,34,000 பேரே பெற்றனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. மலையிலே பிறந்தவர்கள், தம் மூதாதையர் நடந்து வந்த திசையிலேயே புகையிரதத்திலே தலைமன்னாருக்குத் திரும்பினர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003 இலே ஒரு சட்டத்தால் நீக்கப்பட்டது.

நாட்டின் தொல்பொருட் சட்டத்திலும் ஒரு கோடு உண்டு. 1940 ஆம் ஆண்டின் புராதனப் பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்ட கட்டடத்தையே இயல்பாகப் பழமைச் சின்னமாகக் கொள்கின்றது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. 1804 இலே முடிந்த அரிப்பு மாளிகை அக்கோட்டுக்கு அப்பால் அமைந்துவிட்டது. கோப்பித் தொட்டிகள், ஸ்டோர்கள், லயங்கள், வடக்கு வழியின் தங்குமடங்கள் யாவும் இப்பால் நிற்கின்றன. பிற்பட்ட கட்டடத்தைத் தனியாக அறிவித்துப் பாதுகாக்கச் சட்டத்தில் இடமுண்டு; ஆனால் யாராவது அதன் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். கண்டிக்கருகே ஹந்தானையில் 1925 இலே கட்டப்பட்டுக் கைவிடப்பட்டிருந்த தொழிற்சாலை, 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. இயந்திரங்களையும் டெயிலரின் நினைவுப்பொருள்களையும் அங்கே காணலாம். கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீகொக் தோட்டத்திலே, பழைய லயம் ஒன்று 2007 முதல் தொழிலாளரின் நூதனசாலையாகியிருக்கின்றது. இரண்டையும் ஒரே பயணத்திற் பார்ப்பதே சரியான பார்வை; முன்னதற்குச் செல்வோர் கூட்டம் பின்னதற்கு இல்லை.

பழைய இடங்களை நாடிச் செல்வோர் சில முறைகளைக் கைக்கொள்ளல் நலம். தோட்டத்துக்குள் புகுமுன் தோட்டக் கந்தோரிலே அனுமதி பெறவேண்டும். இடிந்த சுவரின்மீது ஏறலாகாது; சுண்ணாம்புச் சாந்து மழைக்குப் பின் நம்பத்தக்கதன்று. தேய்ந்த எழுத்தை வாசிக்க விரும்புவோர் கம்பித் தூரிகையாற் பாசியைச் சுரண்டுவதுண்டு. பாசியோடு எழுத்தும் போய்விடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால், நண்பகலிற் புலப்படாத வரிகளும் நிழலால் எழும்பும். வெயில் இல்லாதபோது பக்கவாட்டிற் பிடித்த கைவிளக்கும் அதே பயனைத் தரும். வாசித்ததை அங்கேயே எழுதிக்கொள்ளவேண்டும், படமும் எடுத்துக்கொள்ளலாம்.

கல் இல்லாத இடத்துக்குக் கருவி வேறு. அங்கே கேட்கவேண்டியது தோட்டத்து முதியவர்களை. எந்த மூலை பழைய மயானம், எந்த மரத்தடியில் காமன் கூத்து நடந்தது, எந்த லயம் கோப்பிக் காலத்தது, தம் பாட்டி எந்தத் துறையில் இறங்கியதாகச் சொன்னாள் என்பவற்றை அவர்கள் அறிவர். தோட்டத்துக்குத் தமிழர் இட்ட பெயர் ஒன்றும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர் வேறொன்றுமாக இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளாவிட்டால் பழைய பதிவேட்டில் அத்தோட்டத்தைக் கண்டுபிடிக்க இயலாது. கந்தோர்களில் எஞ்சியிருக்கும் செக்ரோல் புத்தகங்களிலே, வேலைக்கு வந்தவர் பெயர் நாள்வாரியாக எழுதப்பட்டுள்ளது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1990 களிலே மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோது கைமாறிய பழைய கடதாசிகளுள் இவையும் அடங்கும். கறையான் தின்றன போக மிகுந்தவை இன்னும் சில அலுமாரிகளிலே உள்ளன.

2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு, ஒரு கூட்டத்தினர் ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, பழைய வழியை ஒட்டி நடந்து, ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். வழியிலுள்ள ஊர்களிலே தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் அவர்களுக்கு நீரும் உணவும் கொடுத்தனர்.